சமாதானக் கடிதங்களில் யார் பெயர்?

உலகத்தில் எங்கேயாவது ஒரு யுத்தம் நடந்தால் நமது ஜனங்கள் அதைப்பற்றிச் சொல்லுவது இரண்டே வார்த்தைதான். தூரத்தில் நடந்தால் "நமக்கென்ன?" என்பார்கள். தங்கள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டால் "தலைவிதி" என்பார்கள். இந்த இரண்டு வார்த்தைகளும் ஒரே மடியில் பிறந்தவை. முதல் வார்த்தை மனிதனை யோசிக்கவொட்டாமல் தடுக்கிறது. இரண்டாவது வார்த்தை யோசிக்க வேண்டியதே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இவ்விரண்டும் பொய் என்பதை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து வாசகர்கள் வேறெங்கும் போகாமல் தங்கள் சீமையின் சரித்திரத்தைக்கொண்டே தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

அமெரிக்காவில் 13 குடியேற்ற நாடுகள் 1775-இல் இங்கிலீஷ் அரசனை எதிர்த்துச் சண்டையிட்டு, 1783-இல் பாரிஸ் நகரத்து உடன்படிக்கையால் சுதந்திரம் பெற்றன என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்காக நெட்டுருப் போடுகிறார்கள். அந்த யுத்தத்திற்கும் பூந்தமல்லிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சம்பந்தம் உண்டு. எப்படியெனில், 1778 பிப்ரவரி 6-ந் தேதி பிரெஞ்சு அரசன் அமெரிக்கர்களோடு கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டான். அதனால் இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் யுத்தம் மூண்டது. யுத்தம் மூண்ட சேதி கப்பலேறி இங்கே வந்தவுடன் இங்கிலீஷ் கம்பெனியார் 1778 அக்டோபரில் புதுச்சேரியைப் பிடித்தார்கள்; 1779 மார்ச்சில் மலையாளக் கரையிலுள்ள மாஹியையும் பிடித்தார்கள். மாஹியோ, மைசூர் ஹைதர் அலிக்குத் துப்பாக்கியும் மருந்தும் வந்திறங்குகின்ற துறைமுகம். அதைத் தொடாதீர்கள் என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை.

ஹைதருக்கு முன்னமேயே ஒரு கணக்குத் தீராமல் இருந்தது. 1769-இல் அவர் குதிரைப்படையோடு பரங்கிமலைக்கு வந்து நின்றபோது, சென்னைக் கோட்டையார் பயந்துபோய் அவரோடு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். ஒருவர்மேல் பிறர் படையெடுத்தால் மற்றவர் உதவிக்கு வரவேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. சீக்கிரத்திலேயே மராட்டியர் அவர்மேல் படையெடுத்து வந்தபொழுது கம்பெனியார் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். ஆகவே எழுதிய காகிதத்தை மதியாத குற்றமும் மாஹியைப் பிடித்த குற்றமும் சேர்ந்து, 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாக இந்த நாட்டிற்குள் இறங்கிற்று.

அப்பொழுது பூந்தமல்லிச் சீமை கம்பெனியாருடைய ஜாகீரில் அடங்கியிருந்தது. 1763-இல் ஆற்காட்டு நவாபு முகமதலி கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர் அது. கம்பெனியார் அதைத் திரும்பவும் அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டு 1780 வரை பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற ஒரு இஞ்சினீயரை ஏவி, சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து, எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு, எந்தெந்த ஜாதிக்கு எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை என்று கணக்கு எடுத்தார்கள். வரி வாங்குவதற்காக ஒவ்வொரு கூரையையும் எண்ணத் தெரிந்த சர்க்கார் அது என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இந்தக் கணக்கு நமக்குத் தேவைப்படும்.

ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த சீமையைக் கொளுத்திற்று. எதிரிக்கு ஒரு படி நெல்லும் ஒரு கட்டு வைக்கோலும் கிடைக்கக்கூடாது என்பது அந்தப் படையின் உபாயம். எதிரி என்பது கோட்டைக்குள் இருந்த கம்பெனி. எரிந்ததோ குடியானவன் வீடு. நாம் ஹைதரைப் புகழ்வதற்காகவோ கம்பெனியை மட்டும் இகழ்வதற்காகவோ இதை எழுதவரவில்லை. இரண்டு யானைகள் சண்டையிட்டால் மிதிபடுவது புல் என்பது இரண்டு யானைகளுக்குமே தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை கொற்றலை ஆற்று வெள்ளத்தில் தடைபட்டு நின்று, பிறகு 1780 செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரத்திற்கு அருகில் புள்ளலூரில் நாசமாயிற்று. அந்தப் படையில் இருந்த சுமார் 3,700 பேரில் பெரும்பாலோர் இந்த நாட்டுச் சிப்பாய்கள்தான். காஞ்சிபுரத்தில் இருந்த ஜெனரல் மன்றோ தமது கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கி ஓடினார். கோவில்கள் நிறைந்த காஞ்சிபுரத்தில் ஊரையும் காப்பாற்ற ஆள் இல்லை; அந்தக் குளத்தில் பத்திரமாக இருந்தது பீரங்கி ஒன்றுதான்.

அடுத்து வந்தது பஞ்சம். 1782-இல் சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகப் பட்டணத்தின் வடக்கு எல்லையில் மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. அதை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலைதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைக் கிழவிகள் இன்னும் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொல்லக் கேட்கலாம். அந்தக் கஞ்சித்தொட்டிக்கும் அமெரிக்க சுதந்திரத்திற்கும் நடுவே ஒரு கண்ணிகூட அறுபடாத சங்கிலி இருக்கிறது.

அன்றைக்குக் கஞ்சிக்கு நின்றவனைப் பார்த்து, "உன் வீடு ஏன் எரிந்தது?" என்று கேட்டிருந்தால், சனி பிடித்தது என்றோ, ஊர்த் தேவதைக்குக் கோபம் என்றோ, கலி முற்றிற்று என்றோதான் சொல்லியிருப்பான். பாரிஸ் நகரத்தில் ஒரு மந்திரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டான், சென்னையில் சிலர் ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டார்கள், அதனால் என் வீடு எரிந்தது என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. ஏனெனில் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. ஜோசியம் சொல்ல மாத்திரம் ஆள் இருந்தது. தேவதையால் வந்தது என்றால் பொங்கல் வைப்பதைத் தவிர மனிதனுக்கு வேறு வேலை இல்லை. காகிதத்தால் வந்தது என்றால், அந்தக் காகிதத்தை எழுதியவன் யார், என்னைக் கேட்டானா என்று கேட்க வேண்டிய வேலை வந்துவிடும்.

நிற்க, யுத்தத்தை முடித்த காகிதங்களைப் பார்ப்போம்.

1782-இல் பாரிஸில் அமெரிக்கர் சார்பாக முதலில் இருந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிறகு ஜான் ஜே வந்தார். அதற்கும் பிறகு ஜான் ஆடம்ஸ் வந்தார். இங்கிலீஷ் சர்க்கார் ரிச்சர்டு ஆஸ்வால்டு என்ற கிழட்டு வியாபாரியைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்கள். அவர் கொண்டுவந்த அதிகாரப் பத்திரத்தில், "குடியேற்ற நாடுகளோடு" பேசுவதற்கு அதிகாரம் என்று இருந்தது. பேச்சு நடந்தால் போதும் என்றிருந்த பிராங்க்ளின் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஜே ஒப்பவில்லை. எங்களை நாங்கள் எந்தப் பெயரால் அழைத்துக்கொள்ளுகிறோமோ அந்தப் பெயரால் அழைத்தால்தான் பேசுவோம். கடைசியில் சுதந்திரம் கொடுப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே அந்தப் பெயரை எழுதுவதற்கு என்ன தடை என்பது அவருடைய வாதத்தின் சாரம். கடிதம் லண்டனுக்குப் போயிற்று. 1782 செப்டம்பர் 21-ந் தேதி புதிய பத்திரம் பிறந்தது. அதில் "ஐக்கிய நாடுகள்" என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பின்தான் பேச்சு வேகமாக நடந்து, நவம்பர் 30-ந் தேதி முன்னோடி உடன்படிக்கையில் கையெழுத்தாயிற்று.

ஒரு பெயருக்காக இவ்வளவு பிடிவாதமா என்று சிலர் கேட்கக்கூடும். "வாடா, போடா" என்று கூப்பிடுகிறவனோடு உட்கார்ந்து பங்கு பேசினால் என்ன பங்கு கிடைக்கும் என்பது நமது நாட்டு மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெயரில் கொடுக்காத மரியாதையை ஷரத்தில் எவனும் கொடுக்கமாட்டான். ஆகையால் ஜே செய்தது சரி என்பதே நமது அபிப்பிராயம்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பிரெஞ்சுக்காரரைக் கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று 1781-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனது தூதர்களுக்குக் கட்டளை அனுப்பியிருந்தது. பிரெஞ்சு மந்திரி வெர்ஜென் தன் நாட்டு லாபத்தையும் ஸ்பெயின் நாட்டு லாபத்தையும் பார்ப்பார் என்று சந்தேகித்த தூதர்கள், அவரிடம் சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வெர்ஜென் கோபித்து எழுதினார். பிராங்க்ளின் டிசம்பர் 17-ந் தேதி பதில் எழுதினார். மரியாதையில் ஒரு குறை நேர்ந்தது உண்மைதான். ஆனால் நமக்குள் பிளவு உண்டாக்கிவிட்டதாக இங்கிலீஷ்காரர் நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள், இந்தச் சிறு வருத்தம் வெளியில் தெரியாமலிருந்தால் அவர்கள் ஏமாந்து போவார்கள் என்பது அந்தப் பதிலின் கருத்து. குற்றத்தையும் ஒப்புக்கொண்டு, மிரட்டலையும் மிட்டாய்போல் கொடுத்த கடிதம் அது. அதற்குப் பிறகும் பிரெஞ்சு அரசன் ஆறு மில்லியன் லிவர் கடன் கொடுத்தான் என்றால் அந்தக் கடிதத்தின் சாமர்த்தியத்தை அளந்துகொள்ளலாம்.

ஆனால் தங்கள் பெயருக்காக இவ்வளவு போராடிய அந்தப் புத்திசாலிகள் யாருடைய பெயரை விட்டார்கள் என்பதையும் பார்க்கவேண்டாமா? கடைசி நாளில் ஹென்றி லாரென்ஸ் என்ற தூதர் வந்து ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். இங்கிலீஷ் படை திரும்பிப் போகும்போது நீக்ரோக்களையோ மற்றச் சொத்துக்களையோ எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதே அந்த வரி. மனிதன் "மற்றச் சொத்துக்களோடு" சேர்த்து எழுதப்பட்டான். அந்த லாரென்ஸும் எதிரே உட்கார்ந்திருந்த ஆஸ்வால்டும் முன்னாளில் அடிமை வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் கூட்டு. யுத்தத்தில் எதிரிகளாயிருந்தவர்கள் அந்த ஒரு வரியில் மாத்திரம் தாமதமில்லாமல் ஒன்றுபட்டார்கள். மிசிசிப்பி ஆறு வரையிலுள்ள நிலமெல்லாம் கைமாறிற்று. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செவ்விந்தியர்களைப்பற்றி உடன்படிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை. எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் உலகத்திற்குப் பறைசாற்றியவர்கள் எழுதிய காகிதம் இது. மேசையில் உட்காராதவன் காகிதத்தில் ஒன்று சொத்தாக வருவான், இல்லாவிட்டால் வரவே மாட்டான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இனி நம் கரைக்குத் திரும்புவோம். 1783 ஜனவரி 20-ந் தேதி இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் வெர்சேல்ஸில் சமாதானத்திற்குக் கையெழுத்துப் போட்டார்கள். சேதி வருவதற்கு அக்காலத்தில் மாதக்கணக்காகும். ஆகவே கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகப்போகிற ஜூன் 13-ந் தேதி கடலூரில் அதே இரு கக்ஷியாரும் பெரும் போர் செய்தார்கள். இங்கிலீஷ் பக்கத்தில் மட்டும் இறந்தவரும் காயப்பட்டவருமாகச் சுமார் ஆயிரம் பேர். ஜூன் 20-ந் தேதி கடலிலும் சண்டை. ஜூன் கடைசியில் சமாதானக் கொடியோடு சென்னையிலிருந்து கப்பல் வந்தது; ஜூலை 2-ந் தேதி சண்டை நின்றது. முடிந்துபோன யுத்தத்திற்காகச் செத்தவர்கள் இவர்கள். எதற்காகச் சண்டை தொடங்கியது என்றும் அவர்களுக்குத் தெரியாது. அது முடிந்துவிட்டது என்றும் தெரியாது. இதையும் விதி என்றுதான் அவர்கள் வீட்டார் அழுதிருப்பார்கள்.

அந்த வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 16-வது ஷரத்தில் இந்தியாவிலுள்ள கூட்டாளிகளைப்பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அவர்களையும் சமாதானத்தில் சேர அழைப்பது. யோசிக்க நாலு மாதத் தவணை கொடுப்பது. மறுத்தால் இரு அரசரும் அவர்களுக்கு உதவி செய்யாமல் விட்டுவிடுவது. ஹைதர் 1782 டிசம்பர் 7-ந் தேதி சித்தூருக்குப் பக்கத்தில் இறந்துபோய்விட்டார். அவர் மகன் திப்பு மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கூட இருந்த பிரெஞ்சுப் படை, "எங்கள் அரசர் சமாதானம் செய்துவிட்டார்" என்று சொல்லித் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு விலகிக்கொண்டது. அமெரிக்கர்கள் 1782-இல் தங்கள் சண்டைக்கப்பல் ஒன்றிற்கு "ஹைதர் அலி" என்று பெயரே வைத்திருந்தார்கள்; அந்தக் கப்பல் ஒரு இங்கிலீஷ் கப்பலைப் பிடித்துக்கொண்டும் வந்தது. கப்பலுக்குப் பெயர் கிடைத்தது. பேச்சு மேசையில் நாற்காலி கிடைக்கவில்லை. அரசனுக்கே இந்த கதியானால் குடியானவனைப்பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

பிறகு சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி பிரபு திப்புவோடு தனியே எழுத்துப் போக்குவரத்து நடத்தினார். திப்புவின் வக்கீல்களான அப்பாஜி ராமும் சீனிவாச ராவும் சென்னைக்கு வந்தார்கள். சாட்லியர், ஸ்டான்டன் என்ற கம்பெனித் தூதர்கள் 1783 நவம்பரில் சென்னையை விட்டுத் தரைமார்க்கமாகப் புறப்பட்டார்கள். ஹடில்ஸ்டன் என்பவரும் அவர்களோடு சேர்ந்தார். 1784 மார்ச் 11-ந் தேதி மங்களூரில் உடன்படிக்கையாயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பது, கைதிகளை விடுவது, கம்பெனியின் வியாபாரச் சலுகைகளைக் காப்பது என்பவை முக்கிய ஷரத்துகள். கல்கத்தாவிலிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் இது கௌரவக் குறைவு என்று கோபித்தார். ஆற்காட்டு நவாபு பெயர் இல்லை என்றும் குறை சொன்னார்.

நவாபின் பெயர் இல்லையே என்று வருந்தக் கவர்னர் ஜெனரல் இருந்தார். பூந்தமல்லிக் குடியானவன் பெயர் இல்லையே என்று வருந்த ஒருவரும் இல்லை. என்றாலும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அந்த உடன்படிக்கையில் அவனுக்காகவும் ஒரு ஷரத்து இருந்தது. ஹைதராலும் திப்புவாலும் கர்நாடகப் பாயின்காட்டிலிருந்து, அதாவது இந்தக் கீழ்நாட்டிலிருந்து, கொண்டுபோகப்பட்ட ஜனங்கள் திரும்ப விரும்பினால் குடும்பத்தோடும் குழந்தைகளோடும் திரும்பலாம் என்பது அது. மற்ற ஷரத்துகளையெல்லாம் ஒரு தட்டிலும் இந்த ஒரு ஷரத்தை மற்றொரு தட்டிலும் வைத்தால் நாம் இதைத்தான் கனமென்போம். ஆனால் "திரும்பலாம்" என்பதோடு சரி. வழிச்செலவு யார் கொடுப்பது? எரிந்த வீட்டை யார் கட்டுவது? மாடு எங்கே? விதை நெல் எங்கே? கரை உடைந்த ஏரியை யார் அடைப்பது? வரிக்காக ஒவ்வொரு வீட்டையும் எண்ணி வைத்திருந்த கம்பெனி, நஷ்டத்திற்காக ஒரு வீட்டையும் அந்தக் காகிதத்தில் எண்ணவில்லை. கணக்கு இல்லாமையால் அல்ல. கணக்கு சென்னையிலேயே இருந்தது; கேட்கத்தான் ஆள் இல்லை.

இதெல்லாம் ராஜாக்கள் காலத்துப் பழங்கதை, இப்போது ஜனநாயகம் வந்துவிட்டது என்று யாராவது ஆறுதல் சொல்லக்கூடும். 1964 அக்டோபர் 30-ந் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். மலையகத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிறவன்கூட ஆட்டின் வயதையும் பல்லையும் பார்ப்பான். இங்கே அதுவும் இல்லை. அந்தக் கடிதங்களில் அந்தத் தொழிலாளர் ஒருவருடைய கையெழுத்தும் கிடையாது.

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் உடன்படிக்கை செய்து, அதோடு கடிதங்களும் மாற்றிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தைப்பற்றியும் அந்நிய நாட்டு ஒலிபரப்பைப்பற்றியும் அக்கடிதங்களில் ஜாக்கிரதையாக எழுதப்பட்டது. எந்தத் தமிழருக்காக அந்த உடன்படிக்கை என்று சொல்லப்பட்டதோ அந்தத் தமிழர் சார்பில் அதில் கையெழுத்தில்லை. அதற்குப்பின் நடந்த யுத்தமும் சாவும் உலகமறிந்தவை. அந்த யுத்தத்திற்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் அகதி முகாம் ஏற்பட்டது. பூந்தமல்லியிலோ "சிறப்பு முகாம்" என்று பெயரிட்டு இலங்கைத் தமிழர்கள் சிலர் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். 1780-இல் கர்னல் பெய்லி புறப்பட்டுவந்த அதே கும்மிடிப்பூண்டி; பாரிஸ் காகிதத்தின் சூடு பட்ட அதே பூந்தமல்லி. ஊர் மாறவில்லை, வழக்கமும் மாறவில்லை.

ராஜதந்திரம் என்பது படித்தவர்கள் ரகசியமாகச் செய்யவேண்டிய வேலை, அதில் பாமரனுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. மந்திரத்தின் அர்த்தம் உனக்கெதற்கு, தட்சிணையை வைத்துவிட்டு எட்டி நில் என்று சொன்ன அதே குரல்தான் இப்பொழுது கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறது. ஏரி எங்கே உடைந்தது என்பது பாமரனுக்குத் தெரியும். எத்தனை பேர் திரும்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தூதர்களுக்குத் தெரியாதது இதுதான். பேச்சு நடக்கும்போது சில நாள் ரகசியம் தேவையாயிருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யாருடைய வீட்டைப்பற்றிய பேச்சோ அவனுக்கே ரகசியம் என்றால் அதற்கு ராஜதந்திரம் என்று பெயரில்லை, திருட்டுக் கிரயம் என்று பெயர்.

ஆதலால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லித் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். ஆவடியில் டாங்கி செய்கின்ற கைகள் உங்களுடையவை. அந்த டாங்கி எந்தக் காகிதத்தால் புறப்படுகிறது, எந்தக் காகிதத்தால் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளுவதும் உங்கள் வேலையே. இனிமேல் எந்தச் சமாதானச் சேதியைப் பத்திரிகையில் பார்த்தாலும், யார் யாரைக் கட்டித் தழுவினார்கள் என்ற படத்தைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது? எந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள்? வீடு எரிந்தவனுக்கு "திரும்பலாம்" என்பதற்கு மேல் என்ன எழுதியிருக்கிறது? ஜான் ஜே ஒரு பெயருக்காகப் பேச்சையே நிறுத்தி வைத்தார், பத்திரம் மாறிற்று. மனிதன் எழுதியதை மனிதன் மாற்றி எழுதலாம் என்பதற்கு அது சாட்சி. விதி எழுதியதாக நம்பிக்கொண்டிருக்கும் வரையில் எவனும் ஒரு எழுத்தையும் மாற்றப்போவதில்லை.